தொடக்கம் முதல் நின்ற வண்டிகள்

அநியாயம் நடந்தது இலைக்காரி அங்கம்மாளுக்கு. முப்பத்தோரு வருஷம் புங்கமரத்தடியில் உட்கார்ந்து வாழை இலை விற்றவளைப் பார்த்து, அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நீ அங்கே உட்கார்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று நகராட்சி சொன்னது. சொன்னதோடு விட்டதா? மூன்று முறை, மூன்று தாள்களில், மூன்று முத்திரை குத்தி எழுதியும் கொடுத்தது.

இலைச்சந்தையை இடித்துவிட்டு, புங்கமரத்தை வேரோடு பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் நாலு மாடிக்கு வண்டி நிறுத்துமிடம் கட்டினார்கள். கீழ்த்தளத்தில் இருபது கடைகள். பழைய வியாபாரிகளுக்கே அவை என்றும், தரைச்சீட்டைக் காட்டியவர்களுக்குக் கடை என்றும் அறிவிப்பு வந்தது. தரைச்சீட்டு என்றால், சந்தையில் தரையில் உட்கார்ந்து விற்கிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு நகராட்சி ஆள் தினமும் கிழித்துக் கொடுக்கும் ரோஸ் நிறத் துண்டுத்தாள். அன்றைய தேதி முத்திரை அதில் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்காது. கருவேப்பிலை விற்றவர் சீட்டுகளைப் பவுடர் டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். எலுமிச்சம்பழக்காரி குத்தூசிக் கம்பியில் குத்தி, சாமி படத்துக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். அங்கம்மாளிடம் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லையென்றால், அவள் யோக்கியமாக வியாபாரம் செய்தாள், அதனால் இல்லை. காலையில் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும், அன்றைக்குக் கட்டும் முதல் இலைக்கட்டுக்குள், நுனி இலை இரண்டுக்கு நடுவில், அதைச் செருகிவிடுவாள். கட்டைப் பிரிக்கிற சமையல்காரர் தேதியைப் பார்த்து, இது இன்று காலை அறுத்த இலை, நேற்றைய இலைக்குத் தண்ணீர் தெளித்துத் தலையில் கட்டிய சரக்கு இல்லை என்று தெரிந்துகொள்வார். இப்படி முப்பத்தோரு வருஷச் சீட்டுகளும் கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் பதினாறாம் நாள் காரியங்களுக்கும் போய், சாம்பாரில் நனைந்து, எச்சில் இலையோடு சுருண்டு, ஊர் எல்லையில் மாடுகள் வாயில் முடிந்தன.

"எல்லாரும் எடுத்து வச்சிருக்காளுக, நீ மட்டும் ஏம்மா இப்படிப் பண்ணுனே?" என்று மகள் மேகலா கத்தினாள்.

"எடுத்து வைக்கிறதுக்கா சீட்டு குடுத்தான்? இலை புதுசுன்னு காட்டத்தாண்டி குடுத்தான்" என்றாள் அங்கம்மாள். முப்பத்தோரு வருஷமும் அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

மேகலா சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். வகுப்பில் பேராசிரியர் வாயைத் திறக்குமுன் கையைத் தூக்குகிறவள். அவள்தான் மூன்று மனுவையும் எழுதினாள். முதல் மனுவுக்கு, ஆதாரம் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. சந்தை வசூல் பேரேட்டைப் பாருங்கள் என்று எழுதிய இரண்டாம் மனுவுக்கு, பேரேட்டில் தொகைதான் உள்ளது, பெயர் இல்லை என்று வந்தது. அப்படியானால் பெயர் எழுதாத தவறு யாருடையது என்று கேட்ட மூன்றாம் மனுவுக்கு, முதல் மனுவுக்கு வந்த பதிலே புதுத் தேதியோடு வந்தது. ஏழாம் எண் கடை மட்டும் பூட்டிக் கிடந்தது. மாதக் கடைசிக்குள் உரியவர் வராவிட்டால் அதை ஏலம் விடுவதாக ஷட்டரில் தாள் ஒட்டினார்கள். அங்கம்மாள் பேருந்து நிலைய மூலையில், போக்குவரத்துக் காவலர் விசில் ஊதும்போதெல்லாம் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, விசில் நின்றதும் திரும்பி வந்து, ஓட்டத்திலேயே இலை விற்றுக்கொண்டிருந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் நாச்சியப்பன். மணிக்கு இருபது ரூபாய். உள்ளே நுழையும்போது தேதியும் நேரமும் குறித்த தாள் டோக்கன், வெளியேறும் வழியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் சகாயராஜ். சகாயராஜ் முன்பு ரேஷன் கடையில் எடை போட்டவர், தராசு முள் நடுவில் நிற்காமல் சர்க்கரையைக் கையில் கொடுக்காதவர். டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, "இப்பத்தான் வந்தேன், அரைமணி நேரம்கூட ஆகலை" என்று சத்தியம் செய்கிறவர்களிடம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "நீங்க எப்ப வந்தீங்கன்னு சொல்றதுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தாளு. அதைத் தொலைச்சுட்டீங்க. நாலு நாளா நிறுத்திட்டு, இப்பத்தான் வந்தேன்னு ஒருத்தர் சொன்னா நான் என்ன பண்றது? நேரம் தெரியாதவருக்கு முழு நேரம்தான்."

முழு நேரம் என்றால் எவ்வளவு என்று தினமும் தகராறு. காலையிலிருந்தா, நேற்றிலிருந்தா, போன வாரத்திலிருந்தா? நாச்சியப்பனுக்குச் சலித்துப்போனது. ஒரே வரியில் எல்லார் வாயையும் அடைக்க நினைத்து, நகராட்சியிலும் அனுமதி வாங்கி, பலகை எழுதி மாட்டினார்: "டோக்கன் தொலைந்தால், வாகனம் தொடக்கம் முதல் இங்கேயே நின்றதாகக் கருதப்படும். கட்டணம் ரூ. 200." அதே வாசகத்தை நகராட்சி முத்திரையோடு படிவமாகவும் அச்சடித்தார். தொலைத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் தடுப்புக்கம்பு மேலே போகும்.

முதலில் கையெழுத்துப் போட்டவர் பல் டாக்டர் ஹக்கீம். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. முக்கால் மணி நேரம்தான் நிறுத்தியிருந்தார். முனகிக்கொண்டே கையெழுத்திட்டு, இருநூறைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அவருடைய வெள்ளைக் கார் தொடக்கம் முதல் அங்கேயே நின்றிருந்தது. கூரை மேல் புங்கம்பூ ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது. கதவுகளில் வாழைக்கறை. முன்கண்ணாடியில் எத்தனையோ மழை வழிந்து காய்ந்த கோடுகள். வைப்பருக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு கோழி முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது, முட்டை இன்னும் சூடாக இருந்தது. டாக்டர் பூவை ஒதுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, பின்னால் யாரும் வருகிறார்களா என்று கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் சரிவுப்பாதை இல்லை, தூண்கள் இல்லை. இலைச்சந்தை இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே, பதினெட்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன அவருடைய அத்தா, அத்தர் குப்பிகளைத் துணியால் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. திட்டலாம் என்று கூண்டை விட்டு வந்த சகாயராஜ் ஜன்னல் வழியாகக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "டாக்டர், ஓரமா போட்டுட்டுப் பாருங்க. பின்னாடி வண்டி நிக்குது" என்றார்.

எப்படி நடந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தொடக்கம் முதல் நின்ற வண்டி தொடக்கம் முதல் பார்த்திருக்கத்தானே செய்யும், அதற்குத்தானே இருநூறு ரூபாய் வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டதெல்லாம், புங்கம்பூவைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா, துடைக்கத்தான் வேண்டுமா, கோழிமுட்டை யாருக்குச் சேரும் என்பதுதான். வாசலில் வண்டி கழுவுகிறவர்கள் பூ தள்ளுவதற்குத் தனிக் கூலி வைத்தார்கள். முட்டை சகாயராஜுக்கு என்று முடிவானது. அவர் அவற்றைத் தொடாமல் கூண்டின் ஓரத்தில் வைக்கோல் பரப்பி அடுக்கினார், சில குஞ்சு பொரித்தும்விட்டன. தடுப்புக்கம்பைத் தாண்டிவிட்டால் கண்ணாடியில் வெறும் சாலைதான் தெரியும் என்பதால், தாண்டுவதற்கு முன் ஓரமாக நிறுத்திப் பார்க்க நாலு இடங்களை வெள்ளைச் சுண்ணாம்பால் கட்டமிட்டார்கள். அந்தக் கட்டங்களில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் ஹாரன் அடிப்பதில்லை என்று ஊர் தானாகவே பழகிக்கொண்டது. கல்யாண ஊர்வலம் வந்தால்கூட மேளக்காரர் அந்த வாசலைத் தாண்டும்வரை குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். செல்பேசியால் கண்ணாடியைப் படம் எடுத்தவர்களுக்கு அவரவர் முகம்தான் கிடைத்தது.

வேண்டுமென்றே தொலைத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒருவர் டோக்கனை மென்று விழுங்கினார், ஒருத்தி ஆட்டுக்குக் கொடுத்தாள். அவர்கள் கண்ணாடியில் ஏ-4 என்று எழுதிய தூண்தான் தெரிந்தது. உண்மையாகவே தொலைய வேண்டும். அதனால் ஊரில் மறதிக்காரர்களுக்கு இதுவரை இல்லாத மரியாதை வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற கணக்கு வாத்தியாரை, கணவனை இழந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்து வண்டி பிடித்து அழைத்துப்போய், டோக்கனை அவர் கையில் கொடுத்து, வேறு பேச்சுப் பேசிக்கொண்டே மாடி மாடியாகச் சுற்றினார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், "பையனுக்குக் கொஞ்சம் ஞாபகமறதிங்க" என்று தாயார் பெருமையாகச் சொன்னாள். ஒருநாள் பள்ளிக்கூட வேன் ஒன்றின் டோக்கன் உண்மையாகவே காற்றில் பறந்துபோக, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே கண்ணாடிக்கு முட்டி மோதி, சந்தைக்கும் முன்னால் அங்கே இருந்த ஏரியைப் பார்த்தார்கள். நாரைகள் வந்து வந்து இறங்குவதைப் பார்த்தார்கள். டிரைவர் சொன்னார், ஏழு வருஷமாக அந்த வேனை ஓட்டுகிறாராம், அது சத்தமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தானாம்.

மேகலா மட்டும் எந்தக் கண்ணாடியையும் பார்க்கவில்லை.

"ஊரே பாக்குது, நீ ஏன் பாப்பா பாக்க மாட்டேங்குற?" என்றார் சகாயராஜ். அவள் கல்லூரி விட்டு வரும்போதெல்லாம் கூண்டுக்கு வந்து அவரோடு சண்டை போடுவது வழக்கமாகியிருந்தது.

"கண்ணாடியில தெரிஞ்சதை எந்த அலுவலகமும் ஏத்துக்காது, அண்ணே. எனக்குத் தாள் வேணும். அது கிடக்கட்டும், இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. டோக்கனைத் தொலைச்ச வண்டியைத் தொடக்கத்துல இருந்து நின்னுச்சுன்னு எழுதுறீங்க. சீட்டைத் தொலைச்ச எங்கம்மாவை ஒருநாளும் இருந்ததில்லைன்னு எழுதுறாங்க. ரெண்டும் அதே நகராட்சி, அதே முத்திரை, காணாமப் போனதும் ஒரு துண்டுத் தாளுதான். காசு வாங்கணும்னா முழு நேரம் நின்னீங்க, கடை குடுக்கணும்னா ஒரு நிமிஷமும் இல்லை. இது என்ன நியாயம்?"

சகாயராஜ் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வண்டிக்கு மட்டுந்தான் ஆளு, பாப்பா" என்றார் கடைசியில்.

"அப்ப உங்கம்மாவை ஒரு வண்டியில உள்ள அனுப்பி, டோக்கனைத் தொலைக்கச் சொல்லேன்" என்றான் பக்கத்தில் பூ தள்ளிக்கொண்டிருந்தவன்.

"பொய் சொல்லி வாங்குறதுக்கா மூணு மனு எழுதுனேன்?" என்று அவன் மேல் பாய்ந்தாள்.

அவள் பார்க்காததற்கு உண்மையான காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடி பார்த்த ஒவ்வொருவரையும் வழி மறித்து, "புங்கமரத்தடியில இலை வச்சுக்கிட்டு ஒரு அம்மா தெரிஞ்சாங்களா?" என்று கேட்டிருந்தாள். "நான் எங்க அத்தாவையே பாத்துட்டு இருந்துட்டேம்மா" என்றார் டாக்டர். மரம் தெரிந்தது, மரத்தடி ஞாபகமில்லை என்றார்கள் சிலர். அவரவர் தத்தம் ஆளைத்தான் பார்த்திருந்தார்கள். அங்கம்மாளைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவர் இல்லை. மூன்று முத்திரைத் தாள்களையும் படித்துப் படித்து மேகலாவுக்குள் ஒரு பயம் ஊறியிருந்தது: கண்ணாடியிலும் மரத்தடி காலியாக இருந்துவிட்டால்? அப்புறம் யாரோடு வாதாடுவது?

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, நிறுத்துமிடம் தொடங்கி ஒரு வருஷம் ஆனதற்கு நாச்சியப்பன் மொட்டைமாடியில் மதிய விருந்து வைத்தார். நகராட்சி ஆணையர் அம்மாளும் வருவதாக இருந்தது. இலைக்கு அங்கம்மாளிடமே சொல்லி அனுப்பினார். இலை என்றால் ஊரில் அவள் பெயர்தான், ஆதாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவள் பக்கத்து வீட்டு மொபெட்டைக் கடன் வாங்கி, முன்னால் இரண்டு கட்டு, பின்னால் இரண்டு கட்டு ஏற்றிக்கொண்டு, நுழைவில் டோக்கன் வாங்கி, மேலே போய் இலையை இறக்கிக் கொடுத்துவிட்டு, பந்தி முடியும்வரை இருந்து, மீந்த இலையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். வெளியேறும் வழியில், நாலாம் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைய சண்டையை முடித்த களைப்போடு மேகலா நின்றிருந்தாள்.

"டோக்கன் குடுங்கக்கா" என்றார் சகாயராஜ்.

அங்கம்மாள் சுருக்குப்பையைத் துழாவினாள். இடுப்பைத் தடவினாள். மொபெட்டின் பெட்டியைத் திறந்து மூடினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி ஆத்தீ! முதல் கட்டுல செருகிட்டேனே!"

மேலே ஆள் ஓடியது. கட்டைப் பிரித்த சமையல்காரர், தேதி போட்ட தாள் ஒன்று இருந்ததாகவும், இலை புதுசு என்று திருப்தியோடு அதை வைத்துவிட்டதாகவும், அது பந்தியோடு போயிருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். அதற்குள் பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் இரண்டாவது ஆணையரின் ஜீப்.

"ரெண்டு மணி நேரத்துக்கு இருநூறு ரூபாயாடா?" என்று அங்கம்மாள் ஆரம்பித்தாள். மேகலாவும் வாதாடுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது சகாயராஜ் படிவத்தை மேகலா பக்கம் திருப்பி வைத்து, அச்சடித்த வரியின் மேல் விரலை வைத்து, விரலை எடுக்காமலே நின்றார். அவள் படித்தாள். திறந்த வாயை மூடினாள்.

"அம்மா, காசைக் குடு. கையெழுத்துப் போடு."

"நீயாடி சொல்றே?"

"போடும்மா."

அங்கம்மாள் நிறுத்தி நிறுத்தி ஆறு எழுத்தையும் எழுதி முடித்தாள். நிமிர்ந்தபோது மொபெட்டின் மேல் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. சக்கரக் கம்பிகளில் சிலந்தி வலை கட்டி, வலையில் பழைய மழையின் துளிகள் நின்றன. அவள் பூவைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்து, கைப்பிடியில் இருந்த உள்ளங்கை அளவு கண்ணாடியைப் பார்த்தாள். சிரித்தாள்.

"ஏய், இங்க வாடி. உன்னைப் பாரு, தூளியில கிடந்து எப்படி உதைக்கிறேன்னு."

மேகலா பார்த்தாள். மரத்தடி காலியாக இல்லை. புங்கமரத்தின் தாழ்ந்த கிளையில் தூளி ஆடியது, தூளியை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே, கறுத்த முடியும் கண்ணாடி வளையலுமாக அவளுடைய அம்மா இலை அடுக்கிக்கொண்டிருந்தாள், நகராட்சி ஆள் வந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தான், அவள் செருகினாள், மறுநாள் வந்தான், செருகினாள், வெயிலில் செருகினாள், மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு செருகினாள், வயிற்றில் மேகலா இருந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டே செருகினாள், இன்னும் பின்னால் போகப் போக அம்மா தாவணிக்காரியாகி, மரம் கன்றாகி, கன்று மண்ணுக்குள் போய், சந்தை போய், ஏரி வந்து, நாரைகள் வந்து, ஏரியும் இல்லாமல் வெறும் மேடாகி, தொடக்கம் என்றால் அதுதான் தொடக்கம் என்று சொல்லும்படியான ஒரு வெளிச்சத்தில், முகம் தெரியாத ஒருத்தி மடியில் ஓர் இலையை விரித்துவைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மேகலா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜீப் டிரைவர் வெளியூர்க்காரன், ஹாரன் அடித்துவிட்டான். வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். ஆணையர் அம்மாள் இறங்கி வந்தார்.

"என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்லைம்மா" என்று அங்கம்மாள் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். "சின்னக் கண்ணாடி. குனிஞ்சு, கிட்ட வந்து பாருங்க."

ஆணையர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின, எஞ்சின்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள், கூண்டோரத்தில் கோழிக்குஞ்சுகளின் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியால் துடைத்தார்.

"அந்தச் சீட்டை ஏன் கட்டுக்குள்ள வைக்கிறீங்க?"

"அன்னைக்கு அறுத்த இலைன்னு தெரிய வேண்டாமா?" என்றாள் அங்கம்மாள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

மேகலா படிவத்தின் நகலை நாலாம் மனுவோடு சேர்த்துக் குத்தி நீட்டினாள். நடுவழியில் மனு வாங்குவதில்லை என்று ஆணையரின் உதவியாளர் முன்னால் வந்தார். ஆணையர் வாங்கிக்கொண்டார். ஜீப்பில் ஏறிப் போனார்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மேகலா கல்லூரிக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, சண்டையும் போடவில்லை. மாதக் கடைசி நாள், ஏலக்காரர் வந்து ஏழாம் எண் கடை வாசலில் மேசையைப் போட்டு உட்கார்ந்த பிறகு, நகராட்சிக் கடைநிலை ஊழியர் சைக்கிளில் பேருந்து நிலைய மூலைக்கு வந்து, ஓடத் தயாராக நின்ற அங்கம்மாளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்தார். அவள் வாங்கிய கையோடு, பழக்க தோஷம், இலைக்கட்டைப் பிரித்துச் செருகப் போனாள். மேகலா பாய்ந்து பிடுங்கினாள்.

"என்னடி போட்டிருக்கு? அதே பாட்டுத்தானா?"

மேகலா ஒருமுறை தனக்குள் படித்தாள். பிறகு, விசில் சத்தத்துக்கும் மேலே கேட்கும்படி உரக்கப் படித்தாள்:

"ஏழாம் எண் கடை மனுதாரர் அங்கம்மாளுக்கு ஒதுக்கப்படுகிறது. அவருடைய சீட்டுகள் அனைத்தும் தொலைந்துவிட்டபடியால், அவர் தொடக்கம் முதல் இங்கேயே இருந்ததாகக் கருதப்படுகிறார்."